வெளியே போகும் கதவின் விலை

கடந்த சில ஆண்டுகளாக மலேசியாவின் பினாங்கில் கணினிப் பிரிவில் வேலை செய்யும் இருவர் ஒரு மாமாக் உணவுக் கடையில் சந்தித்தால், தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு விஎம்வேர் என்ற சர்வர் மென்பொருளில் வந்து நிற்கிறது. "புதுப்பித்துவிட்டீர்களா, மாறிவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் பெருமூச்சு விடுவார். இல்லையென்றால் அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் நிறுத்த மாட்டார். நான் இரண்டாவது வகை. ஆனால் "இலவசம் நல்லதா, காசு கொடுத்து வாங்குவது நல்லதா?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "நாளைக்கு இதை விட்டுப் போக வேண்டி வந்தால் என்ன செலவாகும்?" என்பது.

பட்டர்வொர்த் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணினிப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் பினாங்குத் தீவில், கிடங்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில். மூன்று சர்வர்கள். அவற்றுக்குள் கணக்கு, கோப்புகள், கிடங்கு இருப்பு, சுங்க ஆவணங்கள், கதவு அட்டைப் பதிவு என்று ஒரு டஜன் மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒரே இரும்புப் பெட்டியைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். எங்களிடம் பல காலம் இருந்தது விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அது இருப்பதே தெரியாமல் ஓடியது. இந்தத் தொழிலில் ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

மாறியது மென்பொருள் அல்ல, அதன் உரிமையாளர். 2022 மே மாதம் சிப் நிறுவனமான பிராட்காம் விஎம்வேரைச் சுமார் 61 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 2023 நவம்பர் 22 அன்று வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு முறை பணம் கட்டினால் என்றைக்கும் நம்முடையது என்ற நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டது. இனி எல்லாம் சந்தா. 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ மறைந்தது. 2025 ஏப்ரலில் அதே இலவசப் பதிப்பு சத்தமில்லாமல் திரும்பி வந்தது. ஓராண்டு காணாமல் போய்த் திரும்பி வந்த ஒன்றை நம்பி எந்த அலுவலகம் சர்வர் வைக்கும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் பயில்பவர்களுக்கு அது போதும். அலுவலகத்துக்கு அது முன்பும் பொருந்தியதில்லை: மையமாக நிர்வகிக்கும் விசென்டரோடு இணையாது, காப்புநகல் மென்பொருள்கள் உள்ளே நுழையத் தேவையான வாசலும் அதில் அடைக்கப்பட்டிருந்தது.

பிராட்காமின் தலைமை நிர்வாகி ஹோக் டான் இந்தத் தீவில் பிறந்தவர் என்பதை வெளியூர்க்காரர்கள் பலர் அறியார். 1971இல் உபகாரச் சம்பளத்தோடு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் படிக்கப் போனார். நிறுவனத்தின் வேர்களில் ஒன்றும் இங்கே ஓடுகிறது. 1972 வாக்கில் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு முதன்முதலாக வந்து இறங்கிய எட்டு நிறுவனங்களில் இன்டெலும் உண்டு, எச்பியும் உண்டு. எச்பியின் சிப் பிரிவு பிறகு அஜிலென்ட்டின் கைக்குப் போய், 2005இல் அவாகோ என்று தனியாகி, 2016இல் பிராட்காமை வாங்கி, வாங்கிய நிறுவனத்தின் பெயரையே சூடிக்கொண்டது. இதை எங்கள் கணக்குப் பிரிவு அக்காவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம் ஊர்க்காரர்தானே, கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லக் கூடாதா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சந்தா முறையில் விலை எண்ணப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கணக்கு, சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று போகிறது. ஆனால் ஒரு சிப்புக்குக் குறைந்தது பதினாறு கோர் என்று எண்ணுவார்கள். சீன உணவகத்தில் விருந்துக்கு மேசை பிடித்தால் ஆறு பேர் உட்கார்ந்தாலும் பத்துப் பேர் மேசைக்குத்தான் பணம், அதே கதை. எங்கள் புதிய சர்வர்கள் இரண்டிலும் தலா இரண்டு பதினாறு கோர் சிப்புகள். பழைய சர்வரில் எட்டு கோர் சிப் இரண்டு. உண்மையில் இருப்பது 80 கோர். பணம் கட்ட வேண்டியது 96 கோருக்கு. போதாததற்கு அந்தச் சமயம் எங்கள் ரிங்கிட், பேச்சு வழக்கில் வெள்ளி, தள்ளாடிக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.80 வெள்ளி, 1998 நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 4.10 பக்கம் வந்துவிட்டது. ஆயிரம் டாலர் பில் ஒன்று எந்த மாதத்தில் கையெழுத்தாகிறது என்பதைப் பொறுத்தே எழுநூறு வெள்ளி கூடும், குறையும். இதற்கு மேல், மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. நிரந்தர உரிமம் இருந்தவரை இந்தத் தலைவலி வாங்கும் நாளோடு போனது. சந்தாவில் இது ஆண்டுதோறும் வரும் தலைவலி.

விலை உயர்வைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள். அவற்றில் நீதிமன்றம் வரை போனது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டியின் வழக்கு. 2024இல் அது பிராட்காம் மீது வழக்குத் தொடுத்தது. கையில் இருந்த நிரந்தர உரிமங்களுக்கான ஆதரவை நீட்டிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தும் அது மறுக்கப்படுகிறது என்பது அதன் வாதம். தங்களிடம் கேட்கப்பட்ட விலை 1,050 விழுக்காடு அதிகம் என்றும் அதன் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. பிராட்காம் அதை எதிர்த்தது; பிறகு இருவரும் சமரசமானார்கள். அந்த அளவுள்ள நிறுவனமே வக்கீல் வைத்துத்தான் பேச முடிந்தது என்றால், பிறையில் கிடங்கு வைத்திருப்பவர் எந்த மேசையில் போய்ப் பேரம் பேசுவது? நிரந்தர உரிமம் நிரந்தரம்தான். அதோடு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் ஆதரவும் நிரந்தரமல்ல. இஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியர் 7இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. ஆதரவில்லாத ஹைப்பர்வைசர் என்ன ஆகும் என்பதற்கு 2023 பிப்ரவரி சாட்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தம் வெளியான ஓர் ஓட்டை வழியாக, திருத்தம் போடாத ஆயிரக்கணக்கான இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களுக்குள் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று புகுந்தது. ஒரு மெய்நிகர் இயந்திரம் போனால் ஒரு வேலை போகும். ஹைப்பர்வைசர் போனால் மொத்த அலுவலகமும் போகும்.

இலவசம் என்றால் தரம் குறைவு என்ற பயம் நம் முதலாளிகளிடம் ஆழமாக இருக்கிறது. இந்தத் துறையில் அந்தப் பயத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நியாயம் இருந்தது. நாம் அலுவலகங்களில் வைத்திருக்கும் இன்டெல் வகைச் சிப்புகள் மெய்நிகராக்கத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் கட்டளைகள் சில, உள்ளே ஓடும் விருந்தாளி இயங்குதளத்துக்கு வாய் திறக்காமல் தவறான பதிலைக் கொடுத்துவிடும். 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே பிடித்து மாற்றி எழுதும் வித்தையைக் கண்டது. அந்த வித்தைக்குத்தான் உலகம் பணம் கொடுத்தது, கொடுத்ததும் நியாயம். 2005இல் இன்டெலும் மறு ஆண்டு ஏஎம்டியும் அந்த வேலையைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டன. 2007 பிப்ரவரியில் கேவிஎம் என்ற சிறிய நிரல், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கருவில் 2.6.20 பதிப்போடு சேர்ந்தது. அன்றிலிருந்து ஹைப்பர்வைசரின் இதயம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச் சொத்து. இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் கூகுளின் மேகச் சேவை கேவிஎம்மில் ஓடுகிறது. அமேசானின் ஹைப்பர்வைசரான நைட்ரோவும் அதன் மேல் எழுந்ததுதான். எங்கள் கிடங்கு இருப்பு மென்பொருளுக்கு அது போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே இன்று காசு கொடுத்து வாங்குவது இதயத்தை அல்ல. சுற்றியுள்ள நிர்வாகத் திரைகள், தானியங்கி வசதிகள், மூன்றாவது நிறுவனங்களின் சான்றிதழ், தொலைபேசியை எடுக்கும் ஆள் ஆகியவற்றை. அவை உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்தால் போதும். சுமை கூடிய சர்வரிலிருந்து இயந்திரங்களைத் தானாக வேறிடத்துக்கு நகர்த்தும் வசதி விஎம்வேரில் நன்றாக முதிர்ந்தது. பிராக்ஸ்மாக்ஸில் அந்த அளவுக்கு இல்லை. மூன்று சர்வர் வைத்திருக்கும் எனக்கு அது தேவையே இல்லை. எது எங்கே ஓடுகிறது என்று எனக்கு மனப்பாடம்.

மற்ற வழிகளையும் பார்க்காமல் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி எங்கள் விண்டோஸ் சர்வருக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, தனியாகக் காசில்லை. முழு இலவசமாகத் தனியே வந்த ஹைப்பர்-வி சர்வரின் கடைசிப் பதிப்பு 2019. அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. லினக்ஸ் என்றாலே முகம் சுளிக்கும் ஒற்றை ஆள் நடத்தும் அலுவலகத்துக்கு நான் இன்றும் ஹைப்பர்-வியைத்தான் சொல்வேன். பிரான்ஸின் எக்ஸ்சிபி-என்ஜி அழகான மென்பொருள். ஆனால் ஒரு மெய்நிகர் வட்டுக்கு 2 டெராபைட் என்ற வரம்பு அதில் நீண்ட காலம் இருந்தது. எங்கள் கோப்பு சர்வர் அதைத் தாண்டிவிட்டிருந்தது. முழுவதையும் மேகத்துக்கு ஏற்றிவிடலாமே என்று முதலாளி கேட்டார். கிடங்கில் இணையம் அறுந்தால் லாரிகள் வாசலில் நிற்கும் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கட்டணமா இலவசமா என்று சண்டை போடுகிறவர்கள் மறந்துபோகும் செலவு விண்டோஸ் உரிமம். ஹைப்பர்வைசர் எதுவானாலும் அது போகாது. சந்தா எதுவும் சேராத சாதாரண ஸ்டாண்டர்ட் உரிமத்தில், சர்வரின் எல்லா கோர்களுக்கும் ஒரு முறை உரிமம் வாங்கினால் அதில் இரண்டு விண்டோஸ் இயந்திரங்களை ஓட்டலாம். இன்னும் இரண்டு வேண்டுமென்றால் மறுபடியும் எல்லா கோர்களுக்கும். எங்களிடம் ஆறு விண்டோஸ் இயந்திரங்கள் இருந்தன. 32 கோர் சர்வர் ஒன்றில் ஆறும் ஓட வேண்டுமென்றால் 96 கோர் உரிமம். மெய்நிகராக்கத்தின் சுகமே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் அடுத்த சர்வருக்கு நகர்த்துவது. உரிமமோ கூடவே நகராது. ஒரு சர்வருக்கு ஒதுக்கியதை, அந்த இயந்திரம் மொத்தமாகப் பழுதாகிப் போனாலொழிய, 90 நாளுக்குள் வேறொன்றுக்கு மாற்றக் கூடாது. அப்படியென்றால் ஆறும் எங்கு வேண்டுமானாலும் ஓடுவதற்கு மூன்று சர்வருக்கும் சேர்த்து 240 கோர் உரிமம் வேண்டும். தாளில் இதைப் போட்டுப் பார்த்தபோது ஹைப்பர்வைசர் விலை சின்ன விஷயமாகத் தெரிந்தது.

நாங்கள் செய்தது: கோப்பு சர்வரையும் அறிக்கை தயாரிக்கும் இயந்திரத்தையும் டெபியன் என்ற இலவச லினக்ஸ் வகைக்கு மாற்றினோம். மீதி நான்கு விண்டோஸ் இயந்திரங்கள் புதிய சர்வர்கள் இரண்டுக்குள் மட்டுமே நகரும்படி கட்டிப்போட்டோம். 240 கோர் 128 ஆனது. இந்தச் சேமிப்புக்கும் ஹைப்பர்வைசருக்கும் தொடர்பே இல்லை. ஹைப்பர்வைசரைப் பற்றி யோசிக்க உட்கார்ந்ததால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இனி பிராக்ஸ்மாக்ஸ். ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் நிறுவனம் ஒன்று 2008 முதல் வெளியிட்டுவருகிறது. டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம். மூல நிரல் முழுவதும் திறந்தது. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வசதிகளில் ஒன்றுகூடக் குறையாது. சந்தா கட்டியவர்களுக்கு நன்கு சோதித்த மேம்படுத்தல்கள் வரும் தனிக் களஞ்சியமும், எடுக்கும் சந்தாவின் தரத்துக்கேற்பக் கேள்வி கேட்கும் உரிமையும் கிடைக்கும். கட்டாதவர்களுக்கு மேம்படுத்தல்கள் வேறு களஞ்சியத்திலிருந்து, சற்றுக் குறைவான சோதனையோடு வரும்; உள்நுழையும் ஒவ்வொரு முறையும் செல்லுபடியாகும் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி திரையில் எழும். அந்தப் பெட்டியை எழாமல் செய்யும் குறுக்கு வழிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வீட்டில் வைத்திருப்பவர் செய்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மாதம் நூற்றுக்கணக்கில் கன்டெய்னர் அனுப்பிக் காசு பார்க்கும் நிறுவனம் அதைச் செய்வது அற்பத்தனம்.

சந்தா கோருக்கு அல்ல, சிப் பொருந்தும் சாக்கெட்டுக்கு. எங்களுக்கு ஆறு சாக்கெட். கேள்வி கேட்கும் உரிமையோடு தொடங்கும் கீழ்ப்படிச் சந்தா, நாங்கள் வாங்கியபோது சாக்கெட்டுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 350 யூரோ. ஆறுக்கும் பத்தாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். இந்தக் காகிதத்தைக் கணக்குப் பிரிவு அக்காவிடம் கொண்டுபோனேன்.

"இலவசம் என்றுதானே தம்பி சொன்னாய்? இதென்ன பில்?"

"மென்பொருள் இலவசம், அக்கா. இது கட்டாவிட்டாலும் ஓடும்."

"ஓடும் என்றால் எதற்குக் கட்ட வேண்டும்?"

ஆண்டுக்கு மூன்று முறை கேள்வி கேட்கலாம், ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும் என்றேன். மூன்று கேள்விக்குப் பத்தாயிரமா என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுதியவர்கள் கையில் கொஞ்சம் பணம் போனால்தான் அடுத்த பதிப்பு வரும் என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. எடுபட்டது வேறு: இந்தப் பில்லை எந்த ஆண்டு வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் எதுவும் நிற்காது என்றேன். முத்திரை குத்தினார்.

அந்தச் சந்தாவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வேலை நாள் என்பது வியன்னாவின் வேலை நாள். அங்கே காலை எட்டு மணி அடிக்கும்போது பினாங்கில் பிற்பகல் இரண்டு. அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று. காலை ஒன்பதுக்கு எங்கள் சர்வர் படுத்தால் மதியச் சாப்பாடு முடியும்வரை உலகத்தில் நானும் என் உதவியாளும் மட்டும்தான். 2025 ஜூலை 1 முதல் ஆண்டு விற்பனை 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களும் மின்-விலைப்பட்டியல் முறைக்குள் வந்துவிட்டன. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஒப்புதல் பெற்றுத்தான் பில் போக வேண்டும். முன்பு சர்வர் படுத்தால் கையால் பில் எழுதிச் சமாளித்தார்கள். இப்போது அரை நாள் மௌனம் என்பது அரை நாள் வசூல். அரை நாளும் தாங்காது என்பவர்கள் உள்ளூரில் இரவிலும் வந்து நிற்கும் ஆளுக்கோ நிறுவனத்துக்கோ காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் காசு ஹைப்பர்வைசரின் பெயரில் போகிறதா, ஆளின் பெயரில் போகிறதா என்பது மட்டுமே வேறுபாடு.

மாறும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. 2024 ஏப்ரலில் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2இல் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து இயந்திரங்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. லினக்ஸ் இயந்திரங்கள் கிட்டத்தட்டத் தாமாகவே நடந்து வந்தன. விண்டோஸுக்குக் கொஞ்சம் சீராட்டு வேண்டும். கேவிஎம்மின் வேகமான வட்டு வழி விர்ட்ஐஓ; அதன் டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. அதை முன்கூட்டியே ஏற்றாமல் மாற்றினால் துவக்க வட்டைக் காணவில்லை என்று நீலத் திரையில் நிற்கும். முதலில் விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா வகை வட்டாகக் காட்டித் துவக்கி, சின்ன விர்ட்ஐஓ வட்டு ஒன்றைக் கூடவே இணைத்து டிரைவரைப் பழக்கிவிட்டு, பிறகு பெரிய வட்டை மாற்றினால் சிக்கலில்லை. இயந்திரத்துக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளைப் புறப்படும் முன்பே நீக்கிவிட வேண்டும். வந்து சேர்ந்த பிறகு அது நீங்க அடம்பிடிக்கும். வலையட்டை புதியது என்று விண்டோஸ் நினைப்பதால் நிலையான ஐபி முகவரி தொலைந்துபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பணம் எங்கே போனது என்றால் வட்டுகளில். பிராக்ஸ்மாக்ஸோடு வரும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, பல வட்டுகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வட்டுகளை விரும்பாது. நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கும். கடையில் விற்கும் சாதாரண எஸ்எஸ்டிகளை அது வேகமாகத் தேய்த்துவிடும். சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகள் வாங்கினோம், மலிவில்லை. பெரிய சேமிப்பகப் பெட்டியை எல்லாச் சர்வர்களும் பகிரும் அலுவலகங்கள் இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். அப்படிப் பகிரும் தடித்த எல்விஎம்மில் (வட்டிடத்தை முன்கூட்டியே முழுதாக ஒதுக்கும் லினக்ஸ் முறை) ஸ்னாப்ஷாட், அதாவது இயந்திரத்தின் அந்தக் கண நிலையைப் பிடித்து வைக்கும் வசதி, 2025 ஆகஸ்டில் வந்த 9.0இல்தான் முன்னோட்டமாக எட்டிப் பார்த்தது. விஎம்வேரில் அது காலம் காலமாக உண்டு. அந்தப் பெட்டியில் பெரும் பணம் போட்டவர் இலவச மென்பொருளுக்காக அதை ஓரங்கட்டினால், சேமித்தது எங்கே என்று தேட வேண்டிவரும்.

தொடக்கத்தில் சொன்ன கதவுக்கு இப்போது வருகிறேன். கட்டண மென்பொருள் உங்களை ஒரு நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது. எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இலவச மென்பொருள் உங்களை ஓர் ஆளோடு கட்டிப்போடுகிறது; இதை யாரும் சொல்வதில்லை. சர்வர்களை ஒரே கூட்டமாக இணைக்கும் எங்கள் கிளஸ்டரை என்னோடு சேர்ந்து கட்டியவன் ஓர் இளைஞன், சுங்கைப் பட்டாணிப் பையன். லினக்ஸ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலை முடிந்து கொஞ்ச காலத்தில் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கிடைக்கும் சம்பளத்தை வெள்ளிக்கு மாற்ற மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். போ என்றேன், வேறு என்ன சொல்வது? போனபோது அவனோடு சேர்ந்து பாதிக் கிளஸ்டரும் போயிற்று, அதாவது அதை ஏன் அப்படிக் கட்டினோம் என்ற விவரம். விஎம்வேர் தெரிந்தவர் வேண்டும் என்று பினாங்கில் விளம்பரம் போட்டால் சான்றிதழோடு வரிசையில் நிற்பார்கள். பிராக்ஸ்மாக்ஸுக்கு வருபவர்களில் பாதிப் பேர் வீட்டில் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள். ஆர்வம் நிறைய இருக்கும். நள்ளிரவில் சர்வர்கள் ஒன்றையொன்று காணாமல் கிளஸ்டர் பெரும்பான்மை இழந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

அதனால் சேமித்த பணத்தில் ஒரு பகுதியை எழுத்துக்கும் ஒத்திகைக்கும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். கிளஸ்டரின் ஒவ்வொரு முடிவும், ஏன் என்ற காரணத்தோடு, தாளில் இருக்கிறது. கோப்பு அலமாரியில், சர்வரில் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை. கணினிப் பிரிவைச் சேராத ஒருவர், பெரும்பாலும் கிடங்கு மேற்பார்வையாளர், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு காப்புநகலிலிருந்து ஓர் இயந்திரத்தை எழுப்ப வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பேன். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்தப் பக்கம் திருத்தி எழுதப்படும்.

இன்னோர் ஒத்திகையும் உண்டு. இதைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். பிராக்ஸ்மாக்ஸே நாளைக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு, ஓர் இயந்திரத்தின் வட்டை எடுத்து, வெறும் டெபியனும் கேவிஎம்மும் இருக்கும் சாதாரண மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்போம். வட்டு வெறும் வட்டுப் படமாகவே, அதாவது வட்டின் அப்பட்ட நகலாகவே, வெளியே வருகிறது; இயந்திரத்தின் அமைப்பு எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கக்கூடிய சிறிய உரைக் கோப்பு. ஒரு மணி நேரத்துக்குள் கணக்கு இயந்திரம் மடிக்கணினியில் எழுந்து நிற்கும். மெதுவாக, ஆனால் எழுந்து நிற்கும். வியன்னா நிறுவனத்தை நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாங்கினாலும் இந்த மடிக்கணினி போதும். நான் இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் இதுதான். விலை அதற்குப் பிறகு.

இதே அளவுகோலை வைத்தால் எல்லோருக்கும் ஒரே விடை வராது. மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மென்பொருளை விற்றவர், குறிப்பிட்ட ஹைப்பர்வைசரில் மட்டுமே ஆதரவு தருவேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அங்கே இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தாவைக் கட்டிவிட்டு நோயாளிகளைப் பார்க்கலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும். அவர்களுக்கு மாறும் செலவே பல ஆண்டுச் சந்தாவை விழுங்கிவிடும். அவர்கள் மெதுவாக, புதிய இயந்திரங்களை மட்டும் வேறிடத்தில் வைக்கத் தொடங்கலாம். மறுபக்கம், நன்கொடையாக வந்த கணினியில் நூலகப் பட்டியலை வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளிக்குச் சந்தாவும் வேண்டாம், கிளஸ்டரும் வேண்டாம். பிராக்ஸ்மாக்ஸைப் போட்டுவிட்டு, கையில் இருக்கும் காசுக்கு வெளி வட்டு இரண்டு வாங்கி, ஒன்றைத் தலைமையாசிரியர் வீட்டில் வைக்கட்டும். இடி மின்னலுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

எங்களிடமும் முழுக் கதவு இன்னும் திறக்கவில்லை. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று, தான் ஓடும் இயந்திரத்தின் அடையாள எண்களைப் பார்த்துத்தான் உரிமத்தை ஒப்புக்கொள்ளும். அதை விற்றவர் கடையை மூடிவிட்டார். வரிப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பழைய சர்வரைக் கிளஸ்டரில் சேர்க்கவே முடியவில்லை. அது இன்னும் இஎஸ்எக்ஸ்ஐ ஓட்டிக்கொண்டு, இணையம் துண்டிக்கப்பட்டு, தனி வலையில் உட்கார்ந்திருக்கிறது. தணிக்கையாளர் வந்தால் மட்டும் திரையைப் போடுவோம். கிளஸ்டருக்கு மூன்றாவது வாக்கு வேண்டுமே என்று ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை அந்த வேலைக்கு வைத்திருக்கிறோம். இரண்டு சர்வர் மட்டும் இருந்தால், ஒன்று படுத்ததும் மற்றது பெரும்பான்மை இல்லை என்று எந்த இயந்திரத்தையும் புதிதாகத் துவக்க மறுக்கும். சாக்கெட் இரண்டு குறைந்ததால் சந்தாவும் குறைந்தது. அக்கா அந்த வரியைத்தான் முதலில் கவனித்தார்.

பிராக்ஸ்மாக்ஸ் 8இன் ஆதரவு 2026 ஆகஸ்டோடு முடிகிறது. அதற்குள் 9க்கு ஏற வேண்டும். தைப்பூச விடுமுறையில் செய்துவிடலாம் என்று மேலாளர் சொன்னார். என் உதவியாள் அன்றைக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுக்கிறான், நான் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன் என்றேன். சீனப் புத்தாண்டு வாரத்தில் கிடங்கும் மூடியிருக்கும், லாரியும் வராது. அந்த வாரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் ஒத்திகை ஒன்றுக்கு மடிக்கணினியையும் முன்பதிவு செய்திருக்கிறேன்.